கொப்பரைக்குள் கிடந்த காசு

சொக்கம்மாளுக்குப் போன் போட்டால் எடுக்க மாட்டாள். வாட்ஸப்பில் ஒரு வரி தட்டிவிட்டால் போதும், அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டுப் பதில் போடுவாள். இலத்தூரில் இது ஊரறிந்த சங்கதி. "அவளுக்குத் திமிரு, பேசுனா வாயில இருந்து முத்து உதிர்ந்துரும்லா" என்று தெருவில் நாலு பேர் நொடித்துக்கொண்டார்கள். திமிரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காது கேட்காது, அவ்வளவுதான்.

இதை அவள் மூடி மறைத்த சாமர்த்தியம் இருக்கிறதே, அடேயப்பா! அவள் பிறந்து வளர்ந்தது குற்றாலத்தில். அருவிக்கரையில் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். அதனால் கல்யாணமாகி வந்த வீட்டில் அவள் சத்தமாகப் பேசினபோது "அருவிக்கரைக்காரி, தொண்டை அப்படித்தான்" என்று சிரித்துவிட்டு விட்டார்கள். மகள் ஸ்ரீமதியைப் பெற்றெடுத்த கையோடு இடது காது போயிற்று, வலது காதும் மந்தமாகிவிட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்தே முக்கால்வாசி பிடித்துக்கொள்வாள். மீதிக்கு ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். தென்காசியில் பத்திர எழுத்தராக இருக்கிற புருஷன் சிவசைலத்துக்கு மட்டும் விஷயம் முழுசாகத் தெரியும். எங்கே போனாலும் அவளுக்கு வலது பக்கமாகப் பார்த்து உட்காருவார். அவர்தான் ஒருநாள் காதுக்கு மெஷின் வாங்கலாமா என்று கேட்டார். "ஊருக்கே தண்டோரா போடவா? பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்க வேண்டாமா? தாய்க்குக் காது போச்சுன்னா பிள்ளைக்கும் போகும்னு சொல்ல மாட்டாளுவளா?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். அவரும் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. ஸ்ரீமதி திருவேங்கடத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். இப்போது மாசமாக இருக்கிறாள், நிறைமாதம் நெருங்குகிறது. வளைகாப்பு முடிந்தும் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை. மாமியார் உமா மகேஸ்வரி கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். "அவசரத்துக்குப் போனை எடுக்காத வீட்டுல எப்படி நம்பி விடுதது?" என்று அந்த அம்மாள் கேட்டதை ஸ்ரீமதியே அழுதுகொண்டு எழுதி அனுப்பியிருந்தாள்.

நியாயம்தானே? சொக்கம்மாளுக்கே அது நியாயமாகத்தான் பட்டது. அதுதான் அவளை அரித்தது. தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வராமல் போனால் ஊர் என்ன சொல்லும் என்பது இரண்டாம் பட்சம். வலியெடுத்துத் துடிக்கிற நேரத்தில் பிள்ளையின் கையைப் பிடிக்கத் தான் இருக்க மாட்டோமே என்று நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனி மாதச் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீமதியிடமிருந்து வாட்ஸப் வந்தது. "அம்மா, நாளைக்கு எல்லாரும் ஐந்தருவிக்குக் குளிக்க வாரோம். என்னை முதல்ல நம்ம வீட்டுல இறக்கிவிட்டுருவாங்க. குளிச்சிட்டு அத்தை, மாமா, அவங்க மூணு பேரும் அங்கதான் வருவாங்க. பிரசவம் எங்கன்னு பேசி முடிவு பண்ணனும்னு அத்தை சொல்லுதாங்க. எனக்குப் பூரணக் கொழுக்கட்டை வேணும். ப்ளீஸ்."

சொக்கம்மாள் போனை வைத்த கையோடு பச்சரிசியை ஊறப்போட்டாள்.

மறுநாள் காலையில் ஸ்ரீமதியை வாசலில் இறக்கிவிட்டுக் கார் அப்படியே ஐந்தருவிக்குப் போய்விட்டது. மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு அடுப்படி ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். பச்சரிசி மாவு வறுத்துச் சலித்துத் தயாராக இருந்தது. கருப்பட்டிப் பாகில் தேங்காய்ப்பூவையும் வேகவைத்த சிறுபயறையும் போட்டுக் கிளறி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்ட பூரணம் வாழையிலையில் உருண்டை உருண்டையாக இருந்தது. இனி மாவுதான். கொதிக்கிற தண்ணீரில் உப்பும் நல்லெண்ணெயும் விட்டு, மாவைக் கொட்டிக் கிளறி, கை பொறுக்கிற சூட்டிலேயே பிசைந்துவிட வேண்டும். ஆறவிட்டால் அந்தச் சவம் விண்டு விண்டு போகும்.

அவள் சொப்பு செய்கிற லாவகத்தைப் பார்க்க வேண்டும். எண்ணெய் தொட்ட உள்ளங்கையில் உருண்டையை வைத்துக் கட்டைவிரலால் குழித்துச் சுற்றினால் வெற்றிலை கனத்தில் கிண்ணம் வந்துவிடும். உள்ளே பூரணத்தை வைத்து விளிம்பைக் கூட்டி மூக்கு வைத்து மூடுவாள். அன்றைக்கு முதல் சொப்பே விரிந்தது. இரண்டாவதும் விரிந்தது. மனசெல்லாம் சம்பந்தியம்மாள் வரவில் இருந்தால் மாவு என்ன செய்யும்?

முதுகுக்குப் பின்னால் ஸ்ரீமதி ஏதோ பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். கடைசியில் எழுந்துவந்து தோளைத் தொட்டாள். "என்னம்மா, கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். என்மேல கோவமா?"

"கோவம் என்னட்டி கோவம்! மாவுல கண்ணா இருந்தேன்."

அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், எதிரே நின்று பேச வேண்டும் என்பது ஸ்ரீமதிக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். படிப்பு, வேலை என்று கோயம்புத்தூரிலேயே இருந்துவிட்டதால், இந்த இரண்டு வருஷத்தில் மந்தம் முற்றி, கணீரென்று பேசினால்தான் ஏதோ விழும் என்கிற அளவுக்குப் போய்விட்டது அவளுக்குத் தெரியாது.

இட்லிக் கொப்பரையில் தண்ணீர் ஊற்றி, அடியில் ஒரு ரூபாய்க் காசைப் போட்டு, தட்டில் துணி விரித்துக் கொழுக்கட்டைகளை அடுக்கி மூடினாள் சொக்கம்மாள். காசு எதற்கென்றால், தண்ணீர் கொதிக்கும்போது அது அடியில் கிடந்து தடதடவென்று ஆடும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சத்தம் அவளை விட்டுப் போய் வெகுநாளாயிற்று. ஆனாலும் காசு போடுவதை விடவில்லை. மூடியின்மேல் ஒரு கரண்டியைச் சாய்த்து வைத்து அதன் காம்பில் ஒரு விரலை வைத்துக்கொள்வாள். காசின் ஆட்டம் விரலில் ஏறும். விரல் சும்மா இருந்தால் தண்ணீர் ஊற்றுவாள். ஆகையால் கொப்பரை அடுப்பில் இருக்கிற வரைக்கும் சொக்கம்மாள் அடுப்படியை விட்டு நகரவே மாட்டாள். யார் வந்தாலும் சரி.

முதல் ஈடு நன்றாக வந்தது. ஒன்றுகூட விரியவில்லை. ஸ்ரீமதி ஊதி ஊதி ஒன்றைத் தின்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்துச் சொக்கம்மாளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இரண்டாவது ஈட்டை ஏற்றி விரலை வைத்தாள். தண்ணீர் இன்னும் கொஞ்சம் விட வேண்டும், செம்பை எடுப்போம் என்று நினைத்த நேரத்தில் மறுபடியும் தோளில் கை விழுந்தது.

"வந்துட்டாங்கம்மா! வாசல்ல நிக்காங்க. வந்து வாங்கன்னு சொல்லு."

செம்பை எடுக்காமலே கரண்டியை விட்டுவிட்டு ஓடினாள்.

ஈரத் தலையோடு மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். உமா மகேஸ்வரி திருவேங்கடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய குரல், வெண்கலக் குரல். அந்த ஒரு புண்ணியம்தான் சொக்கம்மாளுக்குத் துணை. மருமகன் முத்துகுமரன்தான் ஆபத்து. பேசுவதே முணுமுணுப்பு, அதிலும் உதட்டை மூடுகிற மீசை. அவன் வாயைத் திறந்தாலே அவள் சிவசைலத்தின் முகத்தைப் பார்ப்பாள்.

சிவசைலம் பழக்கப்படி அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்தார். அருவியில் கூட்டம், கார் நிறுத்த இடமில்லை என்று பேச்சு ஓடியது.

"அதென்ன மதினி, அடுப்படியில தடதடன்னு சத்தம்?" என்று உமா மகேஸ்வரி கேட்டாள்.

"அதுவா? கொப்பரையில காசு போட்டிருக்கேன். தண்ணி வத்துனா சத்தம் நின்னுரும்."

"கொள்ளாமே! நல்ல ஏற்பாடுதான்."

அந்த நேரம் பார்த்து சிவசைலத்துக்கு ஒரு போன் வந்தது. எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். முத்துகுமரன் ஏதோ முணுமுணுத்தான். அவள் சிரித்துத் தலையாட்டினாள். சம்பந்தியம்மாள் தன்னையே உற்றுப் பார்ப்பது தெரிந்தது. சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

திடீரென்று எல்லார் முகமும் அடுப்படிப் பக்கம் திரும்பியது. ஸ்ரீமதியின் முகமும் திரும்பியது. கொல்லைவாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் போல என்று நினைத்தாள் சொக்கம்மாள். யாரும் எழவில்லை. உமா மகேஸ்வரி ஸ்ரீமதியைக் கையமர்த்தினாள். அவள் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. எப்போதும் கணீரென்று வருகிற குரல் எங்கே போயிற்று? வேண்டுமென்றே அடக்கிப் பேசுகிறாள்! சோதித்துப் பார்க்கிறாள்! என்ன செய்வதென்று தெரியாமல், போயும் போயும், அதற்கும் சிரித்துத் தலையாட்டிவிட்டாள்.

கருகல் வாடை அப்போதுதான் மூக்கில் ஏறியது.

ஓடிப்போய்ப் பார்த்தால் கொப்பரை அடி கரிந்து புகைந்துகொண்டிருந்தது. கைத்துணிகூட எடுக்காமல் இறக்கிவைத்து விரலைச் சுட்டுக்கொண்டாள். கொழுக்கட்டையெல்லாம் புகையடித்துப் போயிருந்தது. திரும்பினால் சம்பந்தியம்மாள் அடுப்படி வாசலில் நிற்கிறாள், பின்னாலேயே ஸ்ரீமதி.

"சத்தம் நின்னு எவ்வளவு நேரமாச்சு! அடுப்பை நிறுத்துங்கன்னு சொன்னேன், நீங்க சிரிக்கிய." இப்போது வெண்கலக் குரல் திரும்பியிருந்தது. "மதினி, மறைக்காமச் சொல்லுங்க. உங்களுக்குக் காது கேக்கலியா?"

மாவு வேலையில் கவனம், சளி பிடித்திருக்கிறது, அருவிக்கரைப் பழக்கம் என்று வருஷக்கணக்காகச் சொல்லித் தேய்ந்த பொய்கள் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன. புகைக்கு அப்பால் மகளின் வயிறுதான் தெரிந்தது.

"கேக்கல மதினி," என்றாள். "ஒண்ணும் கேக்கல. இவளைப் பெத்தப்பமே பாதி போச்சி. இப்பம் முழுசும் போச்சி."

ஸ்ரீமதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கொப்பரை கரியிதது தெரியல. நாளைக்குப் பிள்ளை வீறிட்டு அழுதா உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று உமா மகேஸ்வரி கேட்டாள். அதட்டல் இல்லை, நிஜமான பயம்தான் அந்தக் குரலில் இருந்தது.

சொக்கம்மாளுக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ! "இவளை நான் எப்படி வளத்தேன்னு நினைச்சிய? தொட்டில் சேலையில ஒரு கயித்தைக் கட்டி, மறுமுனைய என் மணிக்கட்டுல சுத்திக்கிட்டுத்தான் படுப்பேன். பிள்ளை சிணுங்கி ஒரு கால் உதைச்சாப் போதும், கயிறு இழுக்கும், எந்திச்சிருவேன். இவ அழுத சத்தம் எனக்கு எங்கேயோ அடுத்த தெருவுல அழுத மாதிரிதான் வரும். ஆனா ஒருநாளாவது இவளைத் தொண்டை வறள அழ விட்டிருக்கேனா? கேளுங்க, அவ அப்பாட்ட கேளுங்க!"

பேச்சு அழுகையில் போய் முடிந்தது. அழுகை வந்தால் எதிராளியின் உதடு தெரியாது. அதனால் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் கயிறு…" என்றாள் ஸ்ரீமதி. "ரெண்டாங்கிளாஸ் வரைக்கும் என் கையில கட்டியிருந்தியே. நான் தூக்கத்துல எந்திச்சு ஓடிருவேன்னுதானே சொன்ன?"

"வேற என்னத்தைட்டி சொல்ல?"

உமா மகேஸ்வரி கரிந்த கொப்பரைக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் காசு கறுத்து ஒட்டியிருந்தது. பிறகு சொக்கம்மாளின் முகத்துக்கு நேரே வந்து நின்றுகொண்டு, உதடு தெரிய, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "பிள்ளைய அனுப்புதேன். ஆனா கயிறு மட்டும் போதாது மதினி. காதுக்கு மெஷின் மாட்டிக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போங்க. ஊரு நாலு நாள் பேசும், பேசிட்டுப் போவுது."

ஆடி பிறக்கும் முன்னே மெஷின் மாட்டிக்கொண்டு போய் மகளைக் கூட்டிவந்தாள். தெரு பேசத்தான் செய்தது. முதல் தடவையாக அதுவும் அவள் காதில் விழுந்து தொலைத்தது.

தென்காசி ஆஸ்பத்திரியில் ஸ்ரீமதிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. மகளின் கையை வலி தீரும்வரை பிடித்துக்கொண்டிருந்தவள் சொக்கம்மாள்தான். ஆனால் அந்த வார்டில் மெஷின் பெரும் உபத்திரவமாக இருந்தது. தட்டு விழுகிற சத்தம், நர்ஸ் சத்தம், கட்டிலுக்குக் கட்டில் பிள்ளை அழுகிற சத்தம் எல்லாம் ஒன்றாக வந்து மோதியது. எது தன் வீட்டுப் பிள்ளை என்று அவளுக்குத் தெரியவே இல்லை.

பிள்ளையோடு வீட்டுக்கு வந்த அன்று உமா மகேஸ்வரியும் கூடவே வந்திருந்தாள். "அன்னைக்குக் கருக்கிப் போட்டிய. இன்னைக்காவது ஒழுங்கா ஒரு கொழுக்கட்டை கிடைக்குமா?" என்று கேலி பேசிவிட்டுக் குளிக்கப் போனாள். சொக்கம்மாள் கொப்பரையை ஏற்றினாள். காசு தடதடவென்று ஆடியது. இத்தனை காட்டுச் சத்தமா போடும் இந்தச் சின்னக் காசு என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டு நின்றாள்.

அதற்கு நடுவில் இன்னொரு சத்தம் கேட்டது. மெல்லியதாகத் தொடங்கி, விட்டு விட்டு, பிறகு மூச்சுப்பிடித்து வீறிட்டது. அவள் அடுப்பை அணைத்தாள். காசு ஓய்ந்தது. வீட்டில் அந்தச் சத்தம் ஒன்றுதான் இருந்தது. அடுத்த தெருவில் இல்லை, இங்கேயே, பக்கத்து அறையில். இப்படித்தானே ஸ்ரீமதியும் அழுதிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே அந்த அறைக்கு நடந்தாள்.

ஸ்ரீமதி தையல் வலியோடு கட்டிலில் இருந்து கத்தினாள். "அம்மா! பிள்ளை அழுதாம்லா, தூக்கேன்! கேக்கலியா?"

தொட்டில் பக்கத்தில் வந்து நின்ற சொக்கம்மாள் பிள்ளையைத் தொடவில்லை. முகமெல்லாம் கண்ணீராக இருந்தது.

"கேக்குதுடி," என்றாள். "நல்லாக் கேக்குது. கொஞ்சம் அழட்டும்."