குளிப்பாட்டி உட்கார வைத்த விடியற்காலை

விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டதிலிருந்து என் கணவருக்குக் கைகால் அசையாது, கழுத்துக்குக் கீழே உணர்ச்சியும் கிடையாது. குளிர் ஆகாது என்று டாக்டர் அப்போதே சொன்னார். நான்தான் பெரிதாக நினைக்கவில்லை.

போன மார்கழியில் ஒரு விடியற்காலை, எங்கள் இரும்புலியூர் தெருவுக்குப் பஜனை வரும் நேரம். குளிக்காமல் பெருமாளைச் சேவிக்கக் கூடாதென்று அவருக்குத் தலைக்கு ஊற்றி, சக்கர நாற்காலியில் வாசலில் உட்கார வைத்தேன்.

"குளிருதாங்க?"

"ஒண்ணும் தெரியலையே" என்றார். நம்பிப் பொங்கல் கிளறப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் உதடு நீலம் பாரித்துப் பேச்சு குழறியது. பதறிப்போய் வெந்நீர்ப் பையை அவர் காலில் வைக்கப் போனேன்.

"வேணாம்டி. பொங்கலோட என்னையும் வேக வெச்சிடாத. சுட்டாலும் எனக்குத் தெரியாது" என்று குழறலாகவே சொன்னார்.

பையைத் தூர வைத்தேன். ஈரத்தைத் துடைத்து, கம்பளி சுற்றி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உடம்பில் சூடு ஏற மதியமாகிவிட்டது.

இப்போதெல்லாம் குளிருதா என்று அவரைக் கேட்பதில்லை. தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறேன். வெயில் ஏறிய பிறகுதான் குளியல். அதுவரை குளிக்காமலே சாமி கும்பிடுகிறார். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.