றெஜினா அக்காவின் பாவம்

றெஜினா அக்கா போய்விட்டார் என்று மனைவி தொலைபேசியில் சொன்னபோது நான் பாரிஸில் லூயி-பிளாங்க் தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். "ஆர், விவிலிய வகுப்பு அக்காவோ?" என்று கடைக்காரர் கேட்டார். ஓம் என்றேன். பையை அங்கேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன்.

லா சப்பலில் அவருடைய ஞாயிறு வகுப்புக்கு வந்த உங்களுக்கு அவர் வாயைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. செவ்ரானிலிருந்து பிந்தி வரும் என்னிடம், "ரயில் பிந்தினதெண்டு இறைவாக்கினரிட்டைச் சொல்லு" என்பார். இஸ்ரயேலர் ஏன் பாபிலோனுக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள் என்பதுதான் அவருக்குப் பிடித்த பாடம். சிலைகளை வணங்கினார்கள், ஏழைகளை ஏய்த்தார்கள், நிலத்துக்கு ஓய்வாண்டு கொடுக்கவில்லை. ஒன்றுவிடாமல் அடுக்குவார். எல்லாவற்றுக்கும் கடவுளிடம் நியாயம் இருந்தது.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதத்துக்குப் பிறகு ஒரு வகுப்பில் ஒருவர், "எங்கடை சனமும் பாவம் செய்துதான் அழிஞ்சது" என்றார். வன்னியில் அக்காவின் தங்கையும் தங்கையின் மூன்று வயது மகளும் ஷெல்லடியில் இறந்து சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. "அந்தப் பிள்ளை எந்தச் சிலையைக் கும்பிட்டது?" என்று அக்கா கேட்டார். அதற்குப் பிறகு அவர் வகுப்பு எடுக்கவில்லை.

ஸ்தேனில் அவர் வீட்டுக்குப் போய், அந்தக் காரணங்களையெல்லாம் தூக்கி எறியுங்கள் அக்கா என்று கோபத்தோடு சொன்னேன். "எறிஞ்சால், பாபிலோன்காரனிட்டைக் கடவுள் தோத்துப்போனார் எண்டாகும். அதை என்னாலை தாங்கேலாது தம்பி" என்றார். கடவுளைக் காப்பாற்ற அவருக்கு ஒரு பாவம் தேவைப்பட்டது. பிள்ளையிடம் அது இல்லை. தன்னிடமே தேடி எடுத்தார். பிரான்சுக்குக் கூப்பிடச் சொல்லித் தங்கை கெஞ்சியபோது "கொஞ்சம் பொறு" என்று சொன்னாராம். அப்போது அவருக்கே விசா இல்லை. வேறென்ன சொல்லியிருக்க முடியும்? எத்தனை தரம் சொன்னாலும் அது அவர் காதில் ஏறவில்லை. அதோடுதான் இத்தனை வருடமும் இருந்தார்.

கடைசிக் கிழமை ஆஸ்பத்திரியில் என் மனைவி அவருடைய தலையணையைச் சரிசெய்துவிட்டு, "பாவம், அக்கா" என்றாள். நாம் எல்லோரும் இரக்கத்தில் சொல்வதுதான். அக்கா கண்ணைத் திறந்தார். "ஓம் பிள்ளை, நான்தான்" என்றார். அப்படி இல்லை அக்கா என்று விளக்குவதற்குள் மயங்கிவிட்டார். பிறகு பேசவேயில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல். இரக்கப்பட்டுக்கூட அதை இனி யாருக்கும் என்னால் சொல்ல முடியாது. நேற்று அவருடைய பெட்டிக்கு முன்னால் எல்லோரும் செபமாலை சொன்னார்கள். பாவிகள் என்று வரும் இடமெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.