உள்ளங்கை அகலப் பொட்டு

2025 பிப்ரவரி 22, சனிக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். 5.50க்குப் பால் வந்தது. இன்வர்ட்டரில் முந்தைய நாள் எத்தனை யூனிட் என்று பார்த்து நோட்டில் குறித்தேன்: 5.8. தை மாதம் எங்கள் மாடியில் நான்கு சோலார் பேனல்கள் பதித்த நாளிலிருந்து இந்த வழக்கம். வெயில் நன்றாக இருந்தால் எட்டு வரும் என்று பதித்தவர்கள் சொன்னார்கள். இதுவரை ஆறைத் தாண்டவில்லை. பனிக்காலம் என்று ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளிதோறும் பேனல்களுக்குப் புதுப் பொட்டு வைப்பேன். அந்த வாரமும் வைத்தாயிற்று.

8 மணிக்கு நூலகத்தைத் திறந்தேன். அறந்தாங்கியில் பத்தொன்பது வருடமாக நூலகர் வேலை. திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கி, கிழிந்த இரண்டுக்கு அட்டை ஒட்டினேன். மதிய இடைவேளைக்கு வீட்டுக்கு வந்து, முதல் நாள் வைத்த மீன்குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டேன். பிறகு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு மகள் கூப்பிடுவாள்.

அவள் மின்னியல் இறுதியாண்டு படிக்கிறாள். கல்லூரியிலிருந்து எட்டு மாணவர்களும் ஒரு பேராசிரியரும் தான்சானியாவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்குச் சோலார் அமைக்கப் போயிருந்தார்கள். அந்தப் பள்ளிக்கு மின்கம்பியே போகவில்லை. ஒரு வருடமாக வரைபடம் போட்டு, பேனல்களைத் தாங்கும் சட்டத்தின் மாதிரியைக் கல்லூரிப் பட்டறையில் பற்றவைத்துப் பார்த்து, விடுமுறையில்கூட வீட்டுக்கு வராமல் வேலை செய்தார்கள். வயரிங் முழுவதும் என் மகள் பொறுப்பு. வகுப்பறைகளுக்கு விளக்கு ஒரு பாதி. ஆழ்குழாய்க்கு மோட்டார் இன்னொரு பாதி. அங்கே பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள், முதல் பாடவேளையை விட்டுவிட்டுத் தண்ணீர் தூக்கப் போகிறார்களாம். அதனால் அவளுக்கு விளக்கைவிட மோட்டார்தான் பெரிது.

தினமும் அங்கே நண்பகல் பன்னிரண்டுக்கு எட்டுப் பேனலும் சேர்ந்து எத்தனை வாட் தருகின்றன என்பதை அவள் சொல்வாள், நான் எழுதிக்கொள்வேன். நம் நேரத்துக்கும் அவர்கள் நேரத்துக்கும் இரண்டரை மணி வித்தியாசம். நான் கேட்டதற்காகத்தான் முதலில் சொன்னாள். பிறகு சொல்லாமல் அவளுக்கே இருக்க முடியவில்லை.

அன்று அவள் குரல் சரியில்லை. முந்தைய நாளே வாட் குறைந்துவிட்டது, இன்றும் ஏறவில்லை. மோட்டாரைப் போட்டால் நின்றுவிடுகிறது. வியாழன் மாலை ஒயர்களைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் மாற்றியது அவள்தான் என்பதால் கோளாறு அங்கேதான் என்று எல்லா இணைப்பையும் இரண்டு முறை பிரித்துப் பார்த்துவிட்டார்கள். திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். மோட்டாரை விட்டுவிட்டு விளக்கை மட்டும் ஒப்படைத்துவிடலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம்.

“என் வயரிங்காலதாம்மா பிள்ளைக திரும்பக் கொடத்தத் தூக்கப் போகுதுக,” என்றாள்.

மின்சாரம் பற்றி எனக்குத் தெரிந்தது சுவிட்ச் வரைக்கும்தான். கை நோட்டைத் திருப்பியது. அதையே வரிசையாகப் படித்தேன். வியாழன், 2,610. வெள்ளி, காலை 9.40, அங்கே 7.10, பூஜை முடிந்தது, பேனலுக்கு ஒரு பொட்டு, உள்ளங்கை அகலம். நண்பகல் 1,740. சனி—

“நிறுத்து. வெள்ளிய இன்னொரு தடவ படிம்மா.”

படித்தேன்.

“எங்க லாக் ஷீட்ல பொட்டு எழுதக் கட்டமே இல்லம்மா,” என்றாள். பிறகு, “நீதான சொன்ன, சின்னதா வைக்காத, தூரத்துல நின்னு பாத்தாத் தெரியணும்னு.”

நான்தான் சொன்னேன். சந்தன வில்லைகளையும் குங்குமத்தையும் டப்பாவில் போட்டு, அவள் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்ததும் நான்தான். பேனலுக்குள் சின்னச் சின்னச் செல்கள் ஒன்றோடொன்று கோத்திருக்குமாம். பொட்டுக்கடியில் ஒன்று மறைந்தால் அதோடு கோத்த வரிசையே தளர்ந்துவிடுமாம்.

“இத நான் பரீச்சையில பத்து மார்க்குக்கு எழுதுனவம்மா,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

3.14 மணி. காபி போடவும் தோன்றவில்லை. நான்கு மணிக்கு நூலகம் திறக்க வேண்டும், 3.52க்குச் செருப்பைப் போடும்போது படம் வந்தது. மீட்டரில் 2,580. அடுத்த படத்தில் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. கீழே ஏழெட்டுப் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். என் மகள் ஓரத்தில் இருக்கிறாள், கையில் மஞ்சளும் சிவப்புமாகக் கறை படிந்த துணி.

மூன்றாவது படத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். அது அவர்களுடைய லாக் ஷீட், தினசரிப் பதிவுத்தாள். காரணம் என்ற இடத்தில் அவள் கையெழுத்தில், ஆங்கிலத்தில், ‘கண்ணாடி மேல் நான் பூசிய சந்தனம்’ என்று இருந்தது. தூசி என்று எழுதியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவளே பேராசிரியரிடமும் அந்தப் பள்ளித் தலைமையாசிரியையிடமும் போய்ச் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா சிரித்துவிட்டு, வைத்ததை ஏன் அடியோடு அழிக்க வேண்டும், வெயில் படாத இடமாகப் பார்த்து வை என்றாராம். அதனால் பொட்டு இப்போது அலுமினியச் சட்டத்தின் ஓரத்தில், பட்டாணி அளவில் இருக்கிறது. நூலகத்தில் அன்று மாலை வந்த பதினொரு பேரில் மூன்று பேருக்கு அந்தக் கையெழுத்தைக் காட்டினேன். தண்ணீர்ப் படத்தை எல்லோருக்கும் காட்டினேன்.

என் கணவர் மஸ்கட்டில் எலக்ட்ரீசியன். ஏழு மணிக்கு அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது: “ஆத்தாளும் மகளும் சேந்து சூரியனுக்கே பொட்டு வச்சு மறைச்சுப்புட்டீங்களே.” அதை நான் இரண்டு முறை கேட்டதை நோட்டில் எழுதவில்லை, இங்கே எழுதுகிறேன்.

இரவு சாப்பாட்டுக்கு முன் அன்றைய பக்கத்தை முடிக்கும்போதுதான் காலையில் எழுதிய 5.8 கண்ணில் பட்டது. எங்கள் மாடியில் பதித்த அன்றே பொட்டு வைத்துவிட்டதால், பொட்டில்லாத நாள் ஒன்றுகூட என் நோட்டில் இல்லை. பனிக்காலம் என்ற குறிப்பை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘நான்’ என்று எழுதினேன்.

மறுநாள் 5.10க்கு எழுந்ததும் ஈரத்துணியோடு மாடிக்குப் போய், நான்கு கண்ணாடியையும் கறையில்லாமல் துடைத்து, சட்டத்தின் ஓரத்தில் பட்டாணி அளவு பொட்டு வைத்தேன். வாசல் தெளித்தது அதற்குப் பிறகுதான்.