கேம்பல் என்ற பெயரின் பொருள்

என் தங்கை சுகந்தியின் திருமணத்தைக் கெடுத்தவள் நான்தான். இதுவரை எவரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. புலம்பெயர்ந்து வந்து வால்தம்ஸ்டோவில் ஒரு மாடி வீட்டில் அம்மா, நான், சுகந்தி மூவரும் இருந்தோம். சுகந்தி மருத்துவமனையில் தாதி. அங்கே எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்த கேம்பல் என்ற ஸ்கொட்லாந்துக்காரரை விரும்பினாள். அம்மா முதலில் அழுதார். பிறகு, "கூட்டிக்கொண்டு வா, பாப்பம்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். சுகந்தி வடை பொரிக்கச் சமையலறைக்குள் போய்விட்டாள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இடையில் மொழிபெயர்க்க நான்.

"உவையின்ரை குடும்பப் பேருக்கு என்ன கருத்தெண்டு கேள், பிள்ளை."

கேட்டேன். அவருக்கு மகிழ்ச்சி. தங்கள் பழைய கேலிக் மொழியில் 'கம்' என்றால் கோணல், 'பியல்' என்றால் வாய் என்றார். எப்போதோ வாழ்ந்த ஒரு மூதாதைக்கு ஊர் வைத்த பட்டப்பெயராம். இப்போது வீட்டில் எல்லோருக்கும் வாய் நேராகத்தான் இருக்கிறது, பேச்சுத்தான் கொஞ்சம் அதிகம் என்று சிரித்தார். சிரித்தபோது உதட்டின் ஓர் ஓரம் சற்றே மேலேறியது. பதற்றத்தில் எவருக்கும் ஏறும்...

நான் அம்மாவிடம் திரும்பினேன்.

"கோணல் வாய் எண்டு கருத்தாம். அது அவையின்ரை பரம்பரையிலை வாற குறையாம் அம்மா. பிள்ளையளுக்கும் வருமாம்."

ஒரு கணமும் யோசிக்காமல் சொன்னேன். அதுதான் இன்றும் என்னை அச்சுறுத்துகிறது. அம்மா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் செய்தேன்? எனக்கு முப்பதைத் தாண்டியிருந்தது. என் சாதகம் போன இடமெல்லாம் திரும்பி வந்தது. அக்காவை விட்டுவிட்டுத் தங்கை போகிறாள் என்று கோயிலில் சனம் பேசும் என நினைத்தேன்... இல்லை, இதுவும் பூச்சு. சமையலறைக்குள் அவள் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான்.

அவர் போனபின் அம்மா என்னைத் தனியே அழைத்தார். "சுகந்தியிட்டை உந்தக் கதையைச் சொல்லாதை. அந்தப் பெடியன்ரை மனம் நொந்துபோகும்."

அவளிடம், சரிவராது என்று மட்டும் சொன்னார். அவள் காரணம் கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள். கேம்பல் சிலகாலம் காத்திருந்து கிளாஸ்கோவுக்கு வேலை மாறிப் போனார். பிறகு பேசிவந்த இடங்கள் எல்லாவற்றையும் சுகந்தி மறுத்துவிட்டாள்.

தொண்ணூறுகளின் இறுதியில் அம்மா படுக்கையில் விழுந்தார். ஒரு பிற்பகல், சுகந்தி மருந்து வாங்கப் போயிருந்த நேரம், என் கையைப் பிடித்தார்.

"அண்டைக்கு அந்தப் பெடியன் சொன்னது... உனக்குச் சரியா விளங்கினதுதானே?"

திருத்துவதற்கு இன்னொரு வேளை வாய்க்காது என்று எனக்குத் தெரிந்தது.

"ஓம் அம்மா."

"அப்ப சரி. நான் பிள்ளைக்கு அநியாயம் செய்யேல்லை." கண்களை மூடிக்கொண்டார். அந்த வாரமே போய்விட்டார்.

இப்போது சட்டன் என்ற ஊரில் ஒரே வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். "அம்மா ஏன் அப்பிடி மாறினவ எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை அக்கா" என்று எப்போதாவது சொல்வாள். நான் தேநீர் போட எழுந்துவிடுவேன். சொன்னால் தாங்கமாட்டாள், அவளுக்கு மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அவளுக்காகத்தான் மறைக்கிறேனா? இல்லையென்று எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.