படலையில் ஒட்டிய மண்டையோடு

போர்நிறுத்தச் சமாதான காலத்தில் வவுனியா நெட் கடையொன்றில், ஒரு ஹார்ட் ராக் குழுவின் இணையத்தளத்திலிருந்து படம் ஒன்றை அச்செடுத்தேன். சிவப்புத் தாளில் வெள்ளை மண்டையோடு. அவர்களின் இரண்டு பாட்டுத்தான் எனக்குத் தெரியும். ஆனாலும் நான் பெரிய ரசிகன் என்று எங்கள் ஊர் கனகராயன்குளம் முழுக்க அறிய வேண்டுமே. வீட்டு வாசற் படலையில் ஒட்டினேன்.

மிதிவெடியில் ஒரு காலை இழந்த பக்கத்து வளவு அக்கா எங்கள் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளுவார். மறுநாள் ஒரு கையில் ஊன்றுகோலும் மறுகையில் வாளியுமாகத் தூரத்துக் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஓடிப்போய் ஏனென்று கேட்டேன்.

"உங்கட வளவுக்கையும் மிதிவெடி கிடக்குதெண்டு படலையில சிவப்பு மண்டையோட்டு போர்ட் போட்டிருக்கினமெல்லே. நீயும் பாத்து நட, தம்பி."



"ஓம் அக்கா, பாத்து நடக்கிறன்" என்றேன், இரண்டு காலிலும் நின்றுகொண்டு.