பீட்டா வந்த நாள்

அஸ்தம்பட்டியில் என் கணினிக் கடைக்கு, ஜலகண்டாபுரத்தில் சேலைக்கரைக்குப் பூ வரைகிற ஒருவர் தன் கணினியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். தறியில் உட்காருவதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டே அதன்முன் உட்கார்ந்தார்.

இலவச இயங்குதளத்தின் அப்டேட்டோடு, வரைகிற மென்பொருளின் பீட்டா பதிப்பும் வந்துவிட்டது. வரைந்த பூவைத் தறிக்கேற்ற வடிவத்துக்கு மாற்றித்தரும் ஆட்-ஆன் அதில் ஓடவில்லை. பழைய பதிப்பும் திரும்ப ஏறவில்லை.

"முகூர்த்தச் சேலைங்க. தறி நிக்குதுங்க."

"பீட்டான்னா இன்னும் சோதனையிலதாங்க இருக்கு" என்றேன்.

"பாதி நெய்ஞ்ச சேலைய நாங்க ஆருக்காச்சும் மடிச்சுக் குடுப்பமுங்களா?"

திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஒருக்கா ஓடு சாமி" என்று கணினியிடம் கெஞ்சினார். ஆட்-ஆனை மறுபடி அழுத்தினேன். 'இந்தப் பதிப்புக்குப் பொருந்தாது' என்றே வந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

இப்போதெல்லாம் யார் கணினியில் அப்டேட் போட்டாலும், அதற்குமுன் என் கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிடுகிறது.