ஐந்தாம் நம்பர் மலையில் கவாத்து

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுவதுதான் என் தொழில். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், கணக்கு எழுதும் எஸ்டேட் கிராணி ஓடிவிட்டார். கடைத்தெருவில் பேசும் சந்தை மலாய் தெரிந்த பாவத்துக்கு என்னை ஜப்பான்காரனுக்கு மொழிபெயர்க்க நிறுத்தினார்கள்.

திங்கட்கிழமை ஜப்பான் அதிகாரி ஐந்தாம் நம்பர் மலையைக் காட்டினான். தேயிலை முழுவதையும் பிடுங்கிவிட்டுச் சர்க்கரைவள்ளி நட வேண்டும். நாங்கள் குடியிருந்த லயத்தில் அரிசி இல்லை, பட்டினியில் பிள்ளைகளுக்குக் கால் வீங்கியிருந்தது. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

எங்களை வேலை வாங்கும் கங்காணி முத்தையா கையைக் கட்டிக்கொண்டார்.

"காட்டை அழிச்சு நான் நட்ட செடிடா. ஒரு வேரைத் தொட விடமாட்டேன்னு சொல்லு."

"ஐயா, அப்படியே சொன்னா தலை போயிரும்லா!"

"என் தலைதானே? உனக்கு ஏன்டா வேர்க்குது?"

'யோசிக்கிறார்' என்று மாற்றிச் சொன்னேன். அதிகாரி இடுப்பு வாளைத் தட்டினான். புதன்கிழமை வருவானாம். வேலை தொடங்கியிருக்காவிட்டால் கங்காணி உயிரோடு இருக்கமாட்டாராம்.

பல வருஷம் கழித்து, கிரேக்க நாட்டுச் சோக நாடகங்களைப் பற்றி ஒரு வாத்தியார் ரேடியோவில் பேசினார். இரண்டு பிடிவாதக்காரர்கள், இருவரிடமும் நியாயம், இருவரும் வளையமாட்டார்கள். அவர்கள் குணமே கதையைச் சாவு வரைக்கும் இழுத்துப் போகுமாம். செத்த பிறகு ஓடிவந்து சேதி சொல்ல ஒருவன் உண்டாம். கேட்டதும் எனக்கு ஐந்தாம் நம்பர் மலைதான் நினைவுக்கு வந்தது. சேதி சொல்லும் அந்த ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன்.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு இரண்டு நாள் நான் தூங்கவில்லை. வரப்போகும் கெட்டதை எல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஓட்ட ஓட்ட ஒன்று தெரிந்தது. அதிகாரிக்கு வேண்டியது கிழங்கு. கங்காணிக்கு வேண்டியது வேர்.

புதன்கிழமை கங்காணி செடிகளுக்கு நடுவே குந்திவிட்டார். அதிகாரி வாளை உருவினான். நான் கவாத்துக் கத்தியோடு குறுக்கே ஓடி, ஒரு செடியை முழங்காலுக்குக் கீழே வெட்டித் தள்ளினேன். அவசரத்தில் வெட்டு கோணல்.

"துவான், இப்படி வெட்டினா நிழல் இருக்காது. நடுவுல கிழங்குக் கொடி ஓடும். வேரைப் பிடுங்கினா மழைக்கு மலையே சரியும், கிழங்கும் போயிரும்."

"பாகேரோ! முட்டாளே, இதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

"பயமா இருந்துச்சு, துவான்."

வாள் உறைக்குள் போனது. கங்காணி கேட்டார்: "வேரு?"

"அப்படியே இருக்கும், ஐயா."

"அப்ப வெட்டு. ஆனா நான் ஒத்துக்கிட்டேன்னு அவன்கிட்ட சொல்லாதே!"

அந்தக் கிழங்கைத் தின்றுதான் லயம் பிழைத்தது. ஜப்பான்காரன் போனபின் வெட்டாமல் விட்டோம். மலை முழுக்கத் துளிர்! முதல் கொழுந்தை என் கையில் வைத்துக் கங்காணி சொன்னார்: "பயந்தாங்கொள்ளி, வெட்டு மட்டும் கோணல்டா."

வேலைக்கு வரும் பிள்ளைகளே, பிடிவாதக்காரனை வளைக்கப் பார்க்காதீர்கள். எதை விடமாட்டான் என்று மட்டும் கேளுங்கள். மற்றதையெல்லாம் அவனே விட்டுவிடுவான். பயம் வந்தால் வரட்டும். சேதியை மட்டும் சாவுக்கு முன்னால் கொண்டுபோங்கள்.